பேரன் போட்ட பாட்டு

கேள்வி: எனக்கு வயது 66. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரம்பூரில் சொந்த வீடு. மனைவி, மகன், மருமகள், பேரன், பேத்தி எல்லோரும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். பணக் கஷ்டம் கிடையாது. என் குறை வேறு. எனக்குப் பழைய இசைத்தட்டுகள்தான் உயிர். நானூறுக்கு மேல் வைத்திருக்கிறேன். சின்ன வயதில் அப்பா மூர் மார்க்கெட்டில் தட்டு வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை கிராமபோனில் போடுவார். கீ கொடுப்பது என் வேலை. அப்படி வளர்ந்த ரசனை இது. தேவைக்கு மேல் எதையும் வாங்கக் கூடாது, காலையில் நடக்க வேண்டும், நல்ல இசை கேட்டு நிதானமாக வாழ வேண்டும் என்பது என் கொள்கை. இதையெல்லாம் தினமும் காலையில் குடும்ப வாட்ஸாப் குழுவில் எழுதுகிறேன். மகன் படிப்பதே இல்லை. மருமகள் ஒரு கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்கிறாள். மனைவிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை. எட்டு மாதம் முன்பு நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம், 9 வயதுப் பேரன் தானாகவே பி.சுசீலா பாடிய ஒரு எல்.பி. இசைத்தட்டை எடுத்துப் போட்டு முள்ளை இழுத்துக் கீறிவிட்டான். அடிக்கவில்லை, சத்தம்தான் போட்டேன். அன்றிலிருந்து பீரோவைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்திருக்கிறேன். அவன் இப்போது என் அறைப் பக்கமே வருவதில்லை. கானா, செல்போன் என்று கிடக்கிறான். என் ரசனையை இவர்களோடு பகிர்ந்துகொள்ள ஏதாவது வழி உண்டா? இல்லை, தகுதியில்லாதவர்களுக்கு விட்டுப் போவதைவிட எல்லாவற்றையும் ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்:

ஐயா,

வீட்டுப் பெரியவர் வெளியே போயிருந்த நேரத்தில் 9 வயதுப் பையன் ஒருவன் பி.சுசீலா பாட்டுக் கேட்டிருக்கிறான். இதை நீங்கள் புகாராக எழுதியிருக்கிறீர்கள்.

‘என் ரசனையைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஆளில்லை’ என்று மாதம் தவறாமல் யாராவது எழுதுகிறார்கள். மொட்டை மாடியில் செடி வளர்ப்பவர், தபால்தலை சேர்ப்பவர், மார்கழி முழுக்க சபா சபாவாக ஏறி இறங்குபவர், பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போகிறவர். ஆளுக்கொரு பொழுதுபோக்கு, அழுகை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். அவர்களுக்கு வழக்கமாகச் சொல்கிற பதிலைத்தான் உங்களுக்கும் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பேரன் விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நீங்கள் பூட்டுக்கும் சாவிக்கும் போய்விட்டீர்கள். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அந்தப் பையன் அன்றைக்கு என்னென்ன செய்திருப்பான் என்று யோசித்தீர்களா? பீரோவைத் திறந்து நானூறு தட்டுக்கு நடுவில் ஒன்றைத் தேடி எடுத்திருக்கிறான். அட்டைக்குள் இருக்கும் காகித உறையிலிருந்து அதை உருவியிருக்கிறான். நடுவில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்துத்தான் உருவியிருப்பான். நீங்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறானே. பிளேயர் மூடியைத் தூக்கி, தட்டை நடுக்கம்பியில் பொருத்தி, வேகத்தை 33-க்குத் திருப்பி, முள்ளைத் தூக்கி ஓரமாக இறக்க வேண்டும். பெரியவர்களுக்கே கை நடுங்கும் வேலை. அவன் வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கேட்க இத்தனை பாடு எதற்கு? செல்போனில் விரலை வைத்தால் பாடும். அந்தச் செல்போனை விட்டுவிட்டு இதைத் தேடி வந்திருக்கிறான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, உங்களைப் பார்த்தே படித்திருக்கிறான். முக்கால்வாசி வேலையைச் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் கை தவறிவிட்டான்.

உங்கள் ரசனைக்கு அந்த வீட்டில் ஓர் ஆள் இருந்தான். அவனைத்தான் கத்தி விரட்டினீர்கள். ‘அடிக்கவில்லை, சத்தம்தான் போட்டேன்’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் என்ன செய்ய, பாராட்டுப் பத்திரமா வாசிக்க? எந்தப் பாட்டுக்காக அந்தத் தட்டை எடுத்தாய் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் வந்திருக்கும். தட்டில் கீறல் விழுந்ததைச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, பிள்ளை எந்தப் பாட்டை விரும்பினான் என்று எட்டு மாதமாகத் தெரியவில்லை.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனது. ஆனால் நீங்கள் பெரம்பூரில் ஏறும் லோக்கல் ரயில் இன்றைக்கும் அந்தப் பெயர் கொண்ட நிலையத்தில்தான் போய் நிற்கிறது. அங்கே அப்பா வாங்கி வந்தவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் தட்டுகள். அரக்கில் செய்தவை. கை நழுவினால் சுக்குநூறு. உங்கள் எல்.பி. வினைல், அவ்வளவு சுலபத்தில் உடையாது. அந்தக் காலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டுத்தான் இருக்கும். நாகஸ்வரத்தில் மணிக்கணக்காகத் தோடி ராகம் வாசித்த ராஜரத்தினம் பிள்ளையே அந்த நிமிடக் கணக்குக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் யாராவது எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும், எஃகு முள்ளை மாற்ற வேண்டும், மறுபடி கீ கொடுக்க வேண்டும். அப்பா தானே எழுந்து செய்திருக்கலாம். உடையக்கூடிய சாமானைச் சின்னப் பையன் பக்கத்தில் விடக்கூடாது என்று உங்களைத் திண்ணைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை கொடுத்தார். நீங்கள் ஒரு தட்டைக்கூட உடைத்ததில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வீர்களா?

‘அப்படி வளர்ந்த ரசனை இது’ என்று எழுதியது நீங்கள்தான். எப்படி வளர்ந்தது என்பதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

சரி, பூட்டுக்கு வருவோம். தட்டுகளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தானே பூட்டினீர்கள்? சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு, எந்நேரமும் மூடியே கிடக்கும் இரும்பு பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்கு அட்டை உறை என்றால் கொள்ளை ஆசை. இடம் போதவில்லை என்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருந்தால், மே மாத வெயிலில் அடித்தட்டுகள் நெளிந்திருக்கும். பேரன் செய்ததைவிட அதிக சேதத்தை உங்கள் பூட்டு செய்துகொண்டிருக்கலாம். நாளைக் காலையில் திறந்து பாருங்கள். அப்புறம் எனக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதுங்கள், பரவாயில்லை.

அவன் போட்ட கீறலால் என்ன ஆகியிருக்கும்? எல்.பி. ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. அந்தக் கீறல் இருக்கும் இடத்தில் சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று கேட்கும். ஆழமாக விழுந்திருந்தால் முள் அங்கேயே நின்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும். எட்டு மாதமாக ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருக்கும் நீங்களே கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரிதான் இருக்கிறீர்கள். வீட்டில் உள்ளவர்கள் உங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டவில்லையே.

வாட்ஸாப் விஷயம். தினமும் விடிகாலையில் கொள்கை விளக்கம் அனுப்புகிறீர்கள். தேவைக்கு மேல் வாங்காதே என்று நானூறு தட்டு வைத்திருப்பவர் சொன்னால் மகன் என்ன பதில் எழுதுவான்? பேசாமல் இருக்கிறான், நல்ல பிள்ளை. மருமகள் கட்டைவிரலோடு நிறுத்துகிறாள் என்று ஏளனம் செய்திருக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு அந்தப் பெண் எங்கே இருப்பாள்? ஒரு அடுப்பில் சாதம், இன்னொன்றில் தோசைக்கல், பேத்திக்குத் தலை பின்ன வேண்டும், பையனுக்கு டிபன் டப்பா கட்ட வேண்டும். அதற்கு நடுவில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மாமனார் மனம் கோணக்கூடாது என்று ஒரு கட்டைவிரல் போடுகிறாள். உங்கள் குடும்பத்தில் உங்களுக்குப் பதில் சொல்கிற ஒரே ஆள் அவள். அவள்மேல்தான் உங்களுக்குக் குறை. அந்தக் குழுவில் அவள் எப்போதாவது எதையாவது போட்டிருந்தால் நீங்கள் என்ன பதில் போட்டீர்கள் என்று தேடிப் பாருங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரி. ‘இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை.’ எல்.பி.யின் ஒரு பக்கம் ஓடச் சுமார் 20 நிமிடம். நடுவில் எழுந்திருக்காமல் 20 நிமிடம் உட்கார்ந்து கேட்கிற வசதி அந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது? உங்களுக்கு. அது ஏன் உங்களுக்கு மட்டும் இருக்கிறது? நீங்கள் எழுந்திருக்க வேண்டிய வேலையையெல்லாம் இன்னொருவர் எழுந்து செய்கிறார். பாட்டு நடுவில் இருக்கும்போதே காபி வருகிறது. டம்ளர் தானாக உள்ளே போகிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் தட்டுகள் அத்தனையையும் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார் அந்த அம்மா. அவருக்கு ஈடுபாடு இல்லை என்று எதை வைத்து முடிவு கட்டினீர்கள்? அறைக்குள் வந்து நாற்காலி போட்டு உட்காரவில்லை என்பதை வைத்தா? எந்தப் பாட்டு வந்தால் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார் என்று உங்களுக்குத் தெரியுமா?

குடும்பத்தில் மூத்தவருக்கு ஒரு கடமை இருக்கிறது என்று நம்புகிறவள் நான். இது பழைய பேச்சு என்று சில வாசகிகள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். சொத்தைப் பிரித்துக் கொடுக்க வக்கீல் போதும். தனக்குப் பிடித்ததைப் பிள்ளைகளுக்குப் பிடிக்க வைப்பதற்குப் பெரியவர்தான் உட்கார வேண்டும். அதில் கொஞ்சம் நஷ்டம் வரும். தட்டு கீறும், புத்தகம் கிழியும், புல்புல்தாராவில் தந்தி அறுந்து போகும். அந்த நஷ்டத்துக்கு மனசு வராதவர் ‘யாரும் என் ரசனையை மதிக்கவில்லை’ என்று ஊருக்குக் கடிதம் போடக்கூடாது.

இந்த ஊரில் இசை இப்படிப் பூட்டுக்குள் இருந்ததில்லை. அகில இந்திய வானொலி 1938-ல் சென்னைக்கு வருவதற்கு முன்பே, 1930-லிருந்து மாநகராட்சி தானே ஒலிபரப்பு நடத்தியது. பிற்பாடும் பல வருஷம் பூங்காவுக்குப் பூங்கா ரேடியோ வைத்திருந்தார்கள். உங்கள் வயதுக்கு நீங்களே புல்தரையில் உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். கடலை கொறிப்பவர், அரசியல் பேசுபவர், துண்டை விரித்துத் தூங்குபவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் பாடியது. வருகிறவனுக்குத் தகுதி இருக்கிறதா என்று வாசலில் யாரும் பார்க்கவில்லை.

‘கானா என்று கிடக்கிறான்’ என்கிறீர்கள். பெரம்பூரில் உட்கார்ந்துகொண்டு கானாவை இப்படிப் பேசலாமா? வடசென்னை பெற்ற பிள்ளை அது. மயானத்துக்குப் போகும் வழியிலும் பாடினார்கள், கல்யாண வீட்டிலும் பாடினார்கள். 2020 முதல் மார்கழியில் மக்களிசை என்று மேடை போட்டு, டிக்கெட் சபாக்கள் களைகட்டும் அதே மாதத்தில் கானாவையும் பறையையும் கேட்க வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்குப் பிடித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்பதை நீங்கள் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கமாட்டீர்கள், நீங்கள் போடுவதை மட்டும் அவன் வாய் பிளந்து கேட்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் பகிர்தலா?

நூலக யோசனைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நல்ல யோசனைதான், நல்ல நோக்கத்தில் வந்திருந்தால். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் அவர் காலத்துக்குப் பிறகு 1994-ல் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. தரமணியில் இன்றும் அதை நம்பிப் படிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் ஒரு நாள் கொடுங்கள். இப்போது நீங்கள் சொல்வது தானம் இல்லை. ‘உங்களுக்குத் தகுதியில்லை, அதனால் வெளியாளுக்குக் கொடுக்கிறேன்’ என்று வீட்டில் உள்ளவர்களை மிரட்டுகிறீர்கள். சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லியும் காட்டியிருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். முதலில் பூட்டைக் கழற்றிவிடுங்கள். பிளேயரை உங்கள் அறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். டி.வி.க்குப் போட்டியாக வேண்டாம், டி.வி. ஓடாத ஒரு நேரத்தை மருமகளிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் அதுவும் வேண்டாம்.

அப்புறம் பேரன். அவனைக் கூப்பிட்டு உபதேசம் செய்யாதீர்கள், ஒரு வேலை கொடுங்கள். பூஞ்சை பிடித்த தட்டுகளைக் கழுவ வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு கேன் வாங்கி வாருங்கள். அதில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு, ஒரு மெல்லிய துணி. வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது, நடுவில் இருக்கும் லேபிள் நனையக் கூடாது, நிழலில்தான் காய வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவனுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுங்கள். கழுவிக் காய்ந்ததைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கச் சொல்லுங்கள். அந்த சுசீலா எல்.பி. இனி அவனுடையது, அட்டையில் அவன் பெயரை அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். முள்ளை இறக்குகிற வேலையும் அவனுக்கே. பக்கத்தில் நின்று ‘பார்த்து, பார்த்து’ என்று பதறாதீர்கள், அதில்தான் பிள்ளைகளுக்குக் கை தவறும். உடனே ஓடி வந்துவிடுவான் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எட்டு மாதக் கோபம் அவனுக்கும் இருக்கும். கழுவும்போது பேத்தியும் வந்து தண்ணீரில் கையை விடுவாள். அவளை விரட்டினீர்கள் என்றால் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து படியுங்கள்.

அவன் ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினால் முழுக்கக் கேளுங்கள். பாதியில் ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பிக்கக் கூடாது.

உங்கள் மகனுக்கும் என்னிடம் திட்டு உண்டு. அப்பா எழுதுவதைப் படிக்காவிட்டால் போகிறது, வாரத்தில் ஒரு நாள் அவர் பக்கத்தில் 20 நிமிடம் உட்காரக்கூடவா நேரமில்லை? அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை, அதனால் தப்பித்தார். இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர் மேஜைமேல் வைத்துவிடுங்கள். வாட்ஸாப்பில் மட்டும் அனுப்ப வேண்டாம்.

அடுத்த கடிதத்தில் எனக்கு இரண்டு பாட்டுகளின் பெயர் வேண்டும். பேரன் அன்றைக்குக் கேட்க நினைத்தது ஒன்று, உங்கள் மனைவிக்குப் பிடித்தது ஒன்று. இரண்டையும் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டையே மனைவிக்கும் பிடிக்கும் என்று எழுதி அனுப்பினால் அச்சில் ஏற்றமாட்டேன்.